கோழிகளுக்குள் நேரும் கொத்துச் சண்டையும் அதைத் தணிக்கும் வழியும்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நாட்டு வழக்கு. தாய்க்கோழியின் விஷயத்தில் அது மெய்யே. ஆனால் ஒரு பெட்டை மற்றொரு பெட்டையைக் கொத்திக் கொத்தியே சாகடிப்பது உண்டென்பதைக் கோழி வளர்க்கும் வீட்டுப் பெண்மக்கள் யாவரும் அறிவர். வீட்டிலே பொரித்து வீட்டிலே வளர்ந்த இரண்டு மூன்று கோழிகள் உள்ள இடத்தில் இது பெரிதாகத் தோன்றாது. சங்கத்தில் கடன் பெற்று எட்டுப் பெட்டைகளை விலைக்கு வாங்கி விட்ட வீட்டிலோ சங்கதி வேறு. எட்டில் ஒன்று பயந்து மூலையில் ஒடுங்கி முட்டையிடுவதை நிறுத்துகிறது. மற்றொன்றின் முதுகு மொட்டையாகிறது. மூன்றாவது ஒன்று குதத்தில் காயப்பட்டு இறந்துபோகிறது. முட்டைப் பணத்தைக் கொண்டு கட்டவேண்டிய தவணை அந்த மாதம் நின்றுவிடும்.

இத்தகைய சமயத்தில் வீட்டார் செய்வது பெரும்பாலும் ஒன்றே. அடிபடும் கோழியை நோஞ்சான் என்று தீர்மானித்து, தெருவில் வரும் வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். அதில் உள்ள நஷ்டம் இரண்டு. விற்கப்பட்டது பல சமயங்களில் நோயற்ற நல்ல கோழி. அன்றியும், அது போன ஒரு வாரத்திற்குள் வேறொரு கோழி அதன் இடத்தில் நின்று கொத்துப்படத் தொடங்கும். ஏனெனில் குற்றம் அந்தக் கோழியில் இல்லை. கொல்லையின் அமைப்பிலும், தீனியிடும் முறையிலும், அடைக்கும் கூட்டிலும் இருக்கிறது.

கோழிகளுக்குள் ஒரு வரிசைமுறை உண்டு. நார்வே தேசத்தைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பெ என்பவர் சிறு பிராயம் முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கி, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துவைத்து, 1922-ஆம் வருஷத்தில் அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். முதல் நிலையில் உள்ள பெட்டை மற்ற எல்லாவற்றையும் கொத்தும். அதை எதுவும் கொத்தாது. இரண்டாம் நிலையில் உள்ளது முதலாவதுக்கு மட்டும் அடங்கி, மற்றவற்றை அதட்டும். இப்படியே இறங்கிக் கடைசிக் கோழிக்குக் கொத்துவதற்கு எதுவும் இராது. சில சமயம் இவ்வரிசை நேராக இராமல் வளைந்தும் இருக்கும்: கறுப்பி செவலையை அடக்கும், செவலை சாம்பலை அடக்கும், சாம்பலோ கறுப்பியை அடக்கும்!

இவ்வரிசை தீங்கானதென்று எண்ணலாகாது. ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் ஒரு பார்வையோ, தலையை உயர்த்திய ஒரு நிமிர்வோ போதும், சிறியது விலகிக்கொள்ளும். சச்சரவு ஓய்ந்து முட்டை தடையின்றி வரும். ஆகையால் கொண்டையில் விழும் ஒவ்வொரு கொத்துக்கும் கோலை எடுத்துக்கொண்டு ஓடுவது வீண். வரிசை கலையும்போதுதான் கஷ்டம். புதுக்கோழி வருதல், அடைகாத்த கோழி பல நாள் கழித்து மந்தையில் சேர்தல், முதல் கோழி இறந்துபோதல், ஒன்று நோயுற்றுக் கொண்டை வெளுத்துத் தொங்குதல் ஆகியவை வரிசையைக் கலைப்பன. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் கொண்டே அடையாளம் காண்பதால், முகம் மாறிய கோழி பழைய தோழிகளுக்கே அந்நியமாகிவிடும்.

கொத்து எல்லாம் ஒரே ஜாதியல்ல என்பதை முதலில் அறியவேண்டும். தலையிலும் கொண்டையிலும் விழுவது அதிகாரக் கொத்து. வாலடியிலும் முதுகிலும் இறகைப் பற்றி இழுப்பது வேறு. அதில் கோபம் இல்லை, தரையைக் கிளறி இரை தேடவேண்டிய அலகு வேலையற்றுப்போய் அடுத்த கோழியின் இறகில் திரும்புகிறது. குதத்தைக் கொத்துவது மூன்றாவது. எல்லாவற்றிலும் கொடியது அதுவே. இவை தவிர, சேவல் மிதிப்பதாலும் முதுகில் இறகு தேயும். இறகு உதிர்க்கும் பருவத்தில் கழுத்திலிருந்து தொடங்கிப் பல இடங்களில் உதிர்ந்து, கூடவே புது இறகுக் குருத்து முளைத்திருக்கும். செள்ளும் பேனும் பற்றிய கோழி தன் இறகைத் தானே கோதிப் பிய்ப்பதுண்டு. இரவில் விளக்கைக் கொண்டுபோய்ச் சிறகின் அடியிலும் கூட்டின் இடுக்குகளிலும் பார்த்தால் தெரியும். இவற்றைப் பிரித்தறியாமல் வைத்தியம் செய்வதில் பயனில்லை.

அதிகாரக் கொத்து மிகுவதற்குப் பிரதான காரணம் தீனியிடும் வழக்கம். காலையில் வாசலில் நின்று ஒரு கைப்பிடி கம்பை ஒரே இடத்தில் கொட்டினால், பெரிய பெட்டை அதன் நடுவில் நின்றுகொள்ளும். கடைசி இரண்டும் கூரையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பட்டினி கிடந்த கோழி இளைக்கும். இளைத்தது இன்னும் கொத்துப்படும். தானியத்தை வீசி அகல இறைக்கவேண்டும். தட்டில் வைப்பதானால் ஒரு கோழிக்கு நான்கு அங்குல விளிம்பாவது வேண்டும். தட்டும் ஒன்றாக இராமல் இரண்டு மூன்றாக இருக்கவேண்டும். அவற்றையும் அருகருகே வைத்தால் ஒரே கோழி எல்லாவற்றையும் காவல் காக்கும். ஒன்று வைக்கோற்போர் ஓரத்திலும் மற்றொன்று கிணற்றுக்குப் பின்னாலுமாக, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி வைப்பது உத்தமம். தண்ணீருக்கும் இதுவே விதி. கோடையில் தண்ணீர்ச் சட்டியண்டை நடக்கும் சண்டை தீனிச் சண்டையைவிடக் கடுமை. துரத்தப்படும் கோழி ஓடி மறைய ஒரு தென்னந்தட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தால் அதுவே அதற்குக் கோட்டை.

இரவில் அடைக்கும் இடமும் கவனிக்கத் தக்கது. ஒரு பஞ்சாரத்தில் ஐந்து ஆறு கொள்ளும் இடத்தில் பத்தைத் திணித்துவிட்டு, பொழுது நன்றாக விடிந்தும் திறக்காமல் வைத்திருக்கும் வீடுகள் அநேகம். வெளிச்சம் வந்து, பசியும் வந்து, நகர இடமின்றிக் கிடக்கும் அந்த வேளையில்தான் பல காயங்கள் உண்டாகின்றன. கூட்டில் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடம் வேண்டும். உட்காரும் கழி கோழி ஒன்றுக்கு எட்டு அங்குல நீளத்திற்குக் குறையக்கூடாது. கழிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் உயர்ந்த இடத்திற்கான போட்டி எழாது. விடிந்தவுடன் திறந்துவிடுவது பணச்செலவில்லாத மருந்து.

இறகு பிடுங்கும் குற்றம் நாள்முழுதும் மேயும் கோழிகளிடம் அரிது. அது நாற்றங்கால் விடும் காலத்தில் தலைகாட்டும். விதைத்த நிலத்தில் கோழி இறங்கினால் பக்கத்து நிலக்காரருக்கும் கோழிக்காரருக்கும் மனஸ்தாபம். அந்தப் பயத்தால் கோழிகளை ஒரு மாதம் பட்டியில் அடைத்துவைப்பார்கள். அடைப்பது நியாயமே; அயலாரின் நாற்றைவிடக் கோழியின் சௌகரியம் பெரிதன்று. ஆனால் அடைத்துவைத்த கோழிக்கு வேலை கொடுக்கவேண்டும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, களையெடுத்த பசும்புல் ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிக் கோழியின் தலையளவு உயரத்தில் தொங்கவிட்டால் அவை எட்டி எட்டிப் பிய்க்கும். தரையில் நெல் உமியோ காய்ந்த சருகோ நான்கு அங்குலம் பரப்பி, அதனுள் தானியத்தைத் தூவினால் பகலெல்லாம் கிளறிக்கொண்டிருக்கும். பழஞ்சட்டி ஒன்றில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் இட்டு, சிறிது நீர் தெளித்து, கரையான் நடமாடும் தரையில் மாலையில் கவிழ்த்துவைத்தால் மறுநாட் காலையில் கரையான் கூடியிருக்கும். இது பாட்டிமார் அறிந்த உபாயம். குஞ்சுகளுக்கு இதைவிடச் சிறந்த தீனி கடையில் கிடைப்பது அரிது.

தீனியின் சத்தும் இதைச் சேர்ந்ததே. நொய்யும் தவிடும் மட்டும் தின்னும் கோழி இறகைத் தின்னத் தொடங்கினால் அதைக் குறை கூறலாகாது. முட்டையிடும் பெட்டையின் தீனியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு புரதமாவது வேண்டும். அரிசி நொய்யில் அதில் பாதியளவே உண்டு. கடலைப் பிண்ணாக்கில் நாற்பது பங்குக்கு மேல் இருப்பதால், அதைச் சிறிது பொடித்துக் கலந்தாலே குறை பெரிதும் தீரும். ஆனால் பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கு கோழிக்கு விஷம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒருபோதும் வாங்கலாகாது. கருவாட்டுத் தூளும் நல்லதே. எனினும் உப்பு மிகுந்த கருவாட்டை அளவறிந்து சேர்க்கவேண்டும். உப்பே இல்லாவிடினும் கோழி இரத்தத்தையும் இறகையும் நாடும். நூறு பங்கு தீனிக்கு அரைப் பங்கிற்குள் இருந்தால் போதும்.

குதக் கொத்து விடைக்கோழிகள் முதல் முட்டையிடும் நாளில் நேரிடுவது. முட்டை வெளிப்பட்டவுடன் குதத்தின் உட்தசை சிறிது நேரம் சிவந்து வெளியே தெரியும். வெளிச்சமான இடத்தில், மற்றவற்றின் கண்ணெதிரே முட்டையிட்டால் அந்தச் சிவப்பை ஒன்று கொத்தும். இரத்தம் கண்டவுடன் எல்லாம் கூடிக்கொள்ளும். ஒரு நாழிகைக்குள் கோழி இறந்துபோவதும் உண்டு. இதற்குத் தடுப்பே மருந்து. நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்றாக, வைக்கோல் பரப்பிய பழங்கூடையையோ வாயகன்ற பானையையோ இருண்ட மூலையில் வைக்கவேண்டும். மேலே ஒரு சாக்கைத் திரைபோல் தொங்கவிடுவது இன்னும் நலம்.

காயப்பட்டதை அக்கணமே எடுத்துவிடவேண்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் ஆகாது. காய்ச்சி ஆறிய நீரில் சிறிது உப்பிட்டுக் கழுவி, மஞ்சளைக் குழைத்து வேப்பெண்ணெயுடன் தடவுவது கிராமத்தில் கைக்கெட்டிய சிகிச்சை. ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருவேளையும் பார்க்கவேண்டும். புண் ஆழமாயினும் குடல் தெரியினும் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். தனியே வைத்த கோழியை மந்தைக்கு நடுவே ஒரு பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை அதன் முகத்தை நாள்தோறும் காணும்படி வைப்பது புத்தி. கண்மறைவாக வைத்தால் திரும்பும்போது அது புதுக்கோழியாகிவிடும். புண் உலர்ந்து சிவப்பு மறைந்த பின்னரே, பொழுது சாயும் வேளையில் சேர்க்கலாம்.

ஒன்று சேராமல் ஒதுங்கி நின்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கும் கோழியை அடிபட்டது என்றே எண்ணிவிடலாகாது. வெள்ளைக் கழிச்சலின் தொடக்கமும் அப்படியே இருக்கும். எச்சத்தைப் பார்க்கவேண்டும், சந்தேகம் தோன்றினால் உடனே பிரித்து வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். தடுப்பு மருந்து தவறாத வீடுகளில் இந்தக் கவலை குறைவு.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே பழைய கோழிகளுடன் அவிழ்த்துவிடுவதே பெரும் பிழை. மூன்று வாரம் வேறிடத்தில் வைத்து நோயில்லை என்று கண்டபின், ஒரு வாரம் மூங்கில் தட்டிக்கு அப்பாலும் இப்பாலுமாக விட்டு முகம் பழக்கவேண்டும். பிறகு ஓர் இரவில், எல்லாம் கழியில் அமர்ந்தபின், மெதுவாக நடுவே உட்காரவைத்து, விடியும்போது திறந்து தீனியை அகல இறைக்கவேண்டும். ஒற்றைக்கோழியைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நலம், கொத்து பங்கிடப்படும். அரசாங்கத் திட்டங்களில் மொத்தமாக வழங்கப்படும் நான்கு வாரக் குஞ்சுகளை வளர்ந்த கோழிகளோடு விடவே கூடாது. உடற்கட்டு சமமாகும் வரை தனிப் பட்டியே கதி. அசில் இரத்தம் கலந்த பெட்டைகளைச் சிறுவிடைக் கோழிகளோடு சேர்ப்பவர் சண்டையை விலைக்கு வாங்குகின்றனர். வேறு தாயின் குஞ்சைக் குஞ்சுத்தாயிடம் விடுவதானால், அதன் குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளுக்குள், இரவிலே சிறகின் அடியில் வைத்துவிடவேண்டும். பகலில் விட்டால் மண்டையில் கொத்திவிடும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரே பெட்டை துஷ்டத்தனம் செய்யுமானால், பிரித்து அடைக்கவேண்டியது அதையே. கொத்துப்படும் கோழியை அல்ல. இதைப் பலர் தலைகீழாகச் செய்கின்றனர். நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை மந்தையின் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்தால், அதற்குள் மற்றவை தமக்குள் புது வரிசை அமைத்துக்கொள்ளும்; திரும்புகிற துஷ்டை புதிதாய் வந்ததுபோல் அடங்கி நடக்கும். மந்தையில் ஒரு நல்ல சேவல் இருந்தாலும் பெட்டைகளின் சண்டை குறைவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

அலகின் நுனியை வெட்டிவிடுவது பண்ணைகளில் கையாளும் முறை. கொல்லைக் கோழிக்கு வேண்டாதது. அலகின் நுனியில் நரம்புகள் உண்டு, வலி உண்டு. மேய்ந்து தின்னவும், பேனைக் கோதி எடுக்கவும் அந்த நுனியே கருவி. நார்வேயில் 1974-லும், ஃபின்லாந்தில் 1986-லும், ஸ்வீடனில் 1988-லும் இதைச் சட்டத்தால் விலக்கிவிட்டனர். இரண்டுமுறை பிரித்துவைத்தும் திருந்தாத கோழியை, வேறு கோழியில்லாத வீட்டிற்குக் கொடுத்துவிடலாம். அல்லது குழம்பிற்கு ஆக்கலாம். விற்கவேண்டிய கோழி அதுதான்.

சங்கம் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. ஓர் அங்கத்தினருக்குரிய பெட்டைகளை ஒரே ஈட்டில் பொரித்து ஒன்றாய் வளர்ந்தவையாகப் பார்த்து வாங்கிக்கொடுத்தால், முதல் மாதச் சண்டையில் பாதி இல்லாமற்போகும். ஆள் ஒருவருக்கு ஒன்றாக மூங்கில் தட்டி வாங்கத் தேவையில்லை. நான்கு தட்டிகளும் இரண்டு பஞ்சாரங்களும் சங்கத்துக் கட்டடத்தில் இருந்தால், புதுக்கோழி வாங்குகிறவர்கள் பத்து நாளைக்கு எடுத்துப்போய்க் கழுவி வெயிலில் உலர்த்தித் திருப்பித் தரலாம். நாற்றங்கால் விடும் மாதத்திற்கு முன்னரே இவை தயாராக இருக்கவேண்டும்.