ஒரு தொழிற்சாலை, ஆறு பெயர்ப்பலகைகள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"கார் பந்தயம் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார், பசங்களும் உட்கார்ந்து கேட்பாங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கடலூர் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கிறதே, அந்தப் பந்தயத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தில் பத்து வருஷம் நம் நாட்டின் பெயரைத் தாங்கி ஓடி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திவாலான ஒரு அணியைப் பற்றிச் சொல்கிறேன். ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர். பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பெயர் தெரியாது.

பந்தயம் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார். ஓட்டுநருக்குத் தனிப் பட்டம், அணிக்குத் தனிப் பட்டம். அணி எத்தனையாவது இடத்தில் முடிக்கிறதோ அதைப் பொறுத்து அடுத்த வருஷம் பரிசுப் பணம் வரும். பல அணிகளுக்கு அந்தப் பணம்தான் சோறு.

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தின் வாசலுக்கு எதிரே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. எடி ஜோர்டான் என்ற அயர்லாந்துக்காரர் 1991-இல் தன் பெயரிலேயே ஜோர்டான் அணியை ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்தார். மைக்கேல் ஷூமாக்கர் முதன்முதலில் ஓட்டியது அந்த வருஷத்து ஜோர்டான் காரைத்தான். 1998-இல் பெல்ஜியத்தில் அந்த அணி முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. 1999-இல் இரண்டு பந்தயங்களை வென்று, மொத்தத்தில் மூன்றாம் இடம். பிறகு சரிவு. கார் கம்பெனிகள் சொந்தமாக அணி வைத்து பணத்தைக் கொட்டத் தொடங்கிய காலம் அது. தனி ஆள் நடத்தும் அணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2005 ஜனவரியில் ஜோர்டான் விற்றுவிட்டார்.

அந்தக் கடைசி ஜோர்டான் சீசனில்தான் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் உள்ளே வருகிறார். ஃபார்முலா 1-இல் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும், டயர் பாதுகாப்பாக இல்லை என்று, பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. நரேன் நான்காவது வந்து 5 புள்ளி வாங்கினார். ஆறு பேரில் நான்காவதுதானே என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. அந்த ஆறில் ஒன்றாக நிற்க கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் வாசலில் மிட்லண்ட் என்று பலகை. அதற்கும் அடுத்த வருஷம் ஸ்பைக்கர். 2007 அக்டோபரில் விஜய் மல்லையா ஒரு டச்சுக்காரப் பங்காளியோடு சேர்ந்து ஸ்பைக்கரை வாங்கினார். விலை 8 கோடி 80 லட்சம் யூரோ. பெயர் ஃபோர்ஸ் இந்தியா என்று மாறியது. மல்லையா யார், கிங்ஃபிஷர் என்றால் என்ன என்றெல்லாம் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்கினால் சிரிப்பீர்கள்.

2008 முழுவதும் ஒரு புள்ளிகூட இல்லை. மொனாக்கோவில் சுட்டில் என்ற ஓட்டுநர் நான்காவதாக வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஃபெராரி இடித்து அதுவும் போனது. 2009 பெல்ஜியத்தில்தான் விடிந்தது. ஃபிசிகெல்லா முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். ஜெயித்த ரைக்கோனனிடம் கூடுதல் வேகத்துக்கான மின்சார உதவிக் கருவி இருந்தது, இவரிடம் இல்லை. அந்த அணி வாங்கிய முதல் புள்ளிகளே அவைதான்.

அதன் பிறகு படிப்படியாக ஏறினார்கள். 2010-இல் ஏழாவது, 2011-இல் ஆறாவது, 2016-இல் நான்காவது, 2017-இல் 187 புள்ளிகளோடு மறுபடியும் நான்காவது. மேலே இருந்த மூன்று பேர் மெர்சிடஸ், ஃபெராரி, ரெட் புல். அவர்கள் செலவழித்ததில் பாதிகூட இவர்களிடம் கிடையாது. ஆள் பலம் சுமார் 400 பேர்தான். போட்ட ரூபாய்க்கு வாங்கிய புள்ளி என்று கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு வருஷமும் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி.

இங்கே ஒரு நிமிஷம் வில்லியம்ஸ் அணியைப் பாருங்கள். 1980-இலிருந்து 1997-க்குள் ஒன்பது முறை அணிப் பட்டம் வென்றவர்கள். பிறகு ஒரு பட்டம்கூட இல்லை. 2012-இல் ஸ்பெயினில் ஒரு பந்தயம் ஜெயித்தார்கள், அப்புறம் அடிமட்டம், 2020-இல் குடும்பமே அணியை விற்றது. அது புரிகிற வீழ்ச்சி. முதலில் தடத்தில் தோற்றார்கள், பிறகு பணம் வற்றியது. ஃபோர்ஸ் இந்தியா தலைகீழ். தடத்தில் ஏறிக்கொண்டே இருந்தபோது கஜானாவில் இறங்கிக்கொண்டே வந்தது.

எப்படி? 2011 அக்டோபரில் சஹாரா குழுமம் 10 கோடி டாலர் தருவதாகச் சொல்லி 42.5 சதவீதப் பங்கு வாங்கியது. அதே மாதம் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியப் பந்தயம். எல்லாம் கோலாகலமாகத் தெரிந்தது. சரியாக ஒரு வருஷத்தில், 2012 அக்டோபரில், கிங்ஃபிஷர் விமானங்கள் பறப்பது நின்றது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. 2014 மார்ச்சில் சஹாராவின் சுப்ரதா ராய் சிறைக்குப் போனார். 2016 மார்ச்சில் மல்லையா நாட்டை விட்டுப் போனார். ஒரு முதலாளி சிறைக்குப் போனவர், இன்னொருவர் வங்கிகளுக்குப் பதில் சொல்லாமல் லண்டனில். அந்த நிலைமையில்தான் அந்தத் தொழிலாளர்கள் இரண்டு வருஷம் தொடர்ந்து நான்காம் இடம் வாங்கினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நமக்குத் தெரிந்த விஷயத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, நம்ம மோட்டார் போடுகிற தம்பியும் இரண்டு வாட்ச்மேன்களும்தான் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். அந்த மாதம் அவர்களுக்குச் சம்பளம் ஐந்தாம் தேதி போகவில்லை, பதினெட்டாம் தேதி போனது. காரணம் மெயின்டனன்ஸ் பாக்கி. அதே சமயத்தில் முன்வாசலுக்குப் புது வளைவும் லைட்டும் வைப்பதற்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தோம். யாரையும் குறை சொல்லவில்லை. வளைவு கண்ணுக்குத் தெரியும், சம்பளப் பட்டியல் தெரியாது.

கதைக்கு வருகிறேன். 2018 ஜூலை 27, ஹங்கேரி பந்தயத்தின் வெள்ளிக்கிழமை. லண்டன் நீதிமன்றம் ஃபோர்ஸ் இந்தியாவை நிர்வாகிகளின் கையில் ஒப்படைத்தது. அதைக் கேட்டு வழக்குக்குப் போனவர் யார் தெரியுமா? அணியின் ஓட்டுநர் செர்ஜியோ பெரஸ்தான்! அவருக்கே அணி பல லட்சம் டாலர் பாக்கி. எஞ்சின் கொடுத்த மெர்சிடஸுக்கும் பாக்கி. அணியை இழுத்து மூடச் சொல்லும் இன்னொரு மனு வரிசையில் இருந்தது. அது முந்திக்கொண்டால் எல்லோரும் தெருவில். "நீ போய் வழக்குப் போடு" என்று அணிக்குள் இருந்தவர்களே கேட்டுக்கொண்டதாகப் பெரஸ் பிறகு சொன்னார். சொந்த அணியைத் திவால் என்று அறிவிக்கச் சொல்லி, 405 பேரின் வேலையைக் காப்பாற்றினார்கள்.

லாரன்ஸ் ஸ்ட்ரோல் என்ற கனடா கோடீஸ்வரர் தலைமையில் ஒரு கூட்டணி வாங்க முன்வந்தது. இந்த இடத்தில்தான் நம் நாட்டுக் கடன் குறுக்கே வந்து நின்றது. கம்பெனியின் பங்குகளை அப்படியே விற்க வேண்டுமானால் 13 இந்திய வங்கிகள் சம்மதிக்க வேண்டும். அது குறித்த நேரத்தில் நடக்கவில்லை. எனவே நிர்வாகிகள் பங்கை விடுத்து இயந்திரம், கார், தொழில் இவற்றை மட்டும் விற்றார்கள். விளைவாக, சட்டப்படி அது புதிய அணி. அந்த வருஷம் அதுவரை சம்பாதித்த 59 புள்ளியும் அழிக்கப்பட்டது. பரிசுப் பணத்தை மட்டும் புதியவர்கள் வைத்துக்கொள்ள மற்ற அணிகள் ஒப்புக்கொண்டன.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் பெல்ஜியம். பூஜ்யப் புள்ளி, புதுப் பெயர், அதே ஆட்கள், அதே கார். மழையில் நடந்த தகுதிச் சுற்றில் ஓக்கோன் மூன்றாவது, பெரஸ் நான்காவது. பந்தயத்தில் ஐந்தாவதும் ஆறாவதும். ஒரே நாளில் 18 புள்ளி. வருஷக் கடைசியில் 52 புள்ளியோடு ஏழாம் இடம். அழித்த 59-ஐயும் சேர்த்துப் பாருங்கள், ஐந்தாம் இடம் வரும். பிள்ளைகள் வீட்டில் கூட்டிப் பார்க்கலாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியா என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த அணியின் காரில், பத்து வருஷத்தில் ஒரு இந்தியர்கூடப் பந்தயம் ஓட்டவில்லை. 2011-இல் நொய்டாவில் நம்ம ஊர் மக்கள் பார்க்க நரேன் ஓட்டியது ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் நாட்டு அணியின் காரை. அந்த இந்தியப் பந்தயமும் மூன்று வருஷத்தில், 2013-ஓடு நின்றுபோனது.

2019-இல் பலகை ரேசிங் பாயிண்ட் என்று மாறியது. 2020 டிசம்பர் 6, பஹ்ரைனில் சாகிர் பந்தயம். முதல் சுற்றிலேயே மோதல். பெரஸ் கடைசி இடத்துக்குப் போனார். அடுத்த வருஷத்துக்கு அணியில் இடம் கிடையாது என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கடைசியிலிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி வந்து அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். 2003-இல் பிரேசிலில் ஜோர்டான் ஜெயித்த பிறகு அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்த முதல் வெற்றி. நடுவில் 17 வருஷம், நான்கு பெயர்கள். ஜோர்டான் காலத்திலிருந்தே அங்கு வேலை பார்த்த சிலர் அன்றைக்கும் பணியில் இருந்தார்கள். 2021-இலிருந்து வாசலில் ஆஸ்டன் மார்ட்டின் என்று இருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. அடுத்து பொருளாளர் காலாண்டுக் கணக்கு வாசிப்பார். வழக்கமாக அப்போதுதான் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவீர்கள்; இன்று காபியை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.