முடியத் தெரிந்த விளையாட்டுகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு வழிக் கற்றல் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். கற்றலைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுவும் முதலில் பிள்ளைகளின் விளையாட்டை அல்ல, என்னுடைய விளையாட்டை. எனக்கு நாற்பத்தாறு வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பேருந்தில் வரும்போது செல்போனில் கேம் விளையாடுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீட்டும் விளையாடுவேன். பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்கள் போனிலும் ஒன்றிரண்டு கேம் இருக்கிறது, நம் வழித்தடப் பேருந்தில் பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் மேடையில் சொல்கிறேன் என்றால், கேம் என்ற சொல் வகுப்பில் வந்தாலே நாம் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம். போனைத் தொடாதே, கண் கெட்டுப்போகும், படிப்பு போய்விடும். பிள்ளைகள் தலையை ஆட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் விளையாடுகிறார்கள். எந்த கேம் பரவாயில்லை, எந்த கேம் ஆளை விழுங்கும் என்று அவர்களிடம் பிரித்துச் சொல்ல யாருமில்லை. ஒன்றையாவது ஆடிப் பார்க்காதவர் அதைப் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஊர்க் கிணற்றில் இறங்காதவர் ஆழம் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்களா?

சென்ற ஒரு வருடமாக எனக்குப் பிடித்த விளையாட்டு பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் கணினிக்கு வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் செல்போனுக்கு வந்தது. கனடாவைச் சேர்ந்த ஒருவர் தன் பெயரை வெளியிடாமல், ஏறக்குறையத் தனியாகவே உருவாக்கியது. சாதாரண 52 சீட்டுக் கட்டுதான். ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை என்று போக்கர் ஆட்டத்தில் வரும் சேர்க்கைகளைப் போட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். எதிராளி கிடையாது, பந்தயம் கிடையாது. சீட்டின் புள்ளி ஒரு பக்கம், பெருக்கும் எண் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவது உங்கள் மதிப்பெண். இதற்கு நடுவில் 150 வகை ஜோக்கர்கள் வந்து கணக்கைக் கலைத்துவிடுகின்றன.

கணக்கு ஆசிரியைக்கு இதில் என்ன ருசி என்று கேட்பீர்கள். ஒன்பது ஜோடி ஒன்று போடுகிறேன். ஜோடிக்கு அடிப்படைப் புள்ளி 10, இரண்டு ஒன்பதுக்கு 18, மொத்தம் 28. பெருக்கும் எண் 2. என்னிடம் இரண்டு ஜோக்கர்கள் இருக்கின்றன. ஒன்று பெருக்கும் எண்ணோடு 4 கூட்டும், மற்றது அதை இரண்டால் பெருக்கும். கூட்டுவதை இடப்பக்கம் வைத்தால் 2+4=6, பிறகு இரண்டால் பெருக்கினால் 12. 28×12=336. பெருக்குவதை இடப்பக்கம் வைத்தால் 2×2=4, பிறகு 4 கூட்டினால் 8. 28×8=224. அதே சீட்டு, அதே ஜோக்கர், இடம் மாற்றி வைத்ததில் 112 புள்ளி போய்விட்டது. செயலிகளின் வரிசை முக்கியம் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்போம்! அதன் வலியை விரல் நுனியில் உணர்வது வேறு.

போக்கர் படம் இருப்பதால் இதற்கும் ஒரு வம்பு வந்தது. ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்தும் பெகி என்ற அமைப்பு, இதை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 வயது என்று மாற்றியது. சீட்டின் படத்தைப் பார்த்து முடிவு செய்வதா, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து முடிவு செய்வதா என்பதுதான் அங்கேயும் கேள்வி. நமக்கும் அதே கேள்விதான், அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பலாட்ரோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் சரி, அப்புறம் கை நீட்டாது. எட்டுக் கட்டம், கட்டத்துக்கு மூன்று சுற்று. 24 சுற்றையும் கடந்தால் "ஜெயித்தாய்" என்று சொல்லிவிடும். விரும்பினால் தொடரலாம், ஆனால் ஆட்டம் முடிந்ததாக அது ஒப்புக்கொள்கிறது. இன்னொரு ஆட்டம் போடலாமா என்று மனது இழுக்கத்தான் செய்யும், நல்ல நாவல் இழுப்பதுபோல. ஆனால் இரவு பதினோரு மணிக்கு மணியடித்து "உன் பரிசுப் பெட்டி காத்திருக்கிறது" என்று கூப்பிடாது.

அப்படிக் கூப்பிடுகிற விளையாட்டுகளை நாம் எல்லோரும் ஏற்கெனவே படித்திருக்கிறோம். பி.எட்.டில் ஸ்கின்னரின் புறா நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் இருக்கும் புறா கொத்தினால் தீனி விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி விழுந்துகொண்டிருந்தால், அதை நிறுத்தியவுடன் புறா சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் விழுந்துகொண்டிருந்தால், நிறுத்திய பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். மாறுவிகித வலுவூட்டல் என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினோம். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ செல்போன் விளையாட்டுகளில் வரும் மர்மப் பெட்டி, சுழலும் சக்கரம், தினப்பரிசு எல்லாம் அந்தப் புறாக்கூண்டுதான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் இந்தப் புறாக் கதையைச் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், அப்போ நாங்கதான் புறாவா?" என்றான். ஒரு வருட அறிவுரைக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இன்னொரு பக்கத்தில் வேர்டில் இருக்கிறது. ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காக உருவாக்கி 2021-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும். நாளுக்கு ஒரே சொல். முடித்தால் முடிந்தது, நாளைக்கு வா.

இதைத் தமிழில் கரும்பலகையில் ஆடலாம், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சுவை இருக்கிறது. நான் மனதில் வைத்த சொல் "பாடம்" என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை "படகு" என்கிறது. முதல் எழுத்தில் மெய் சரி, உயிர் வேறு, ஆகவே அரை வட்டம். நடுவில் "ட" அப்படியே சரி, முழு வட்டம். கடைசி எழுத்துக்குப் பெருக்கல் குறி. அரை வட்டத்தைப் பார்த்தவுடன் பிள்ளைகள் "பா, பி, பீ, பு" என்று முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். உயிர்மெய் வரிசையை யாரும் சொல்லச் சொல்லவில்லை, தேவைப்பட்டது, சொல்கிறார்கள்.

இனி மேசைச் சீட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் "சீட்டு" என்ற சொல்லே கெட்ட பெயரோடு இருக்கிறது. ஆலமரத்தடி, போலீஸ் ஜீப், அடகுக் கடை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் போன்ற நாடுகளில் காசுக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்னச் சீட்டு விளையாட்டுகள் ஏராளமாக வந்திருக்கின்றன. பாக்கெட்டில் அடங்கும், பத்து இருபது நிமிடத்தில் முடியும். தாயமும் பல்லாங்குழியும் இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு சார் டீ இடைவேளையில் கேட்டார். அவையும் வேண்டும் சார். ஆனால் தாயம் நாற்பது நிமிடப் பாடவேளையில் முடியாது, அடுத்த வகுப்புக்கும் பாடம் நடக்காது.

நான் அதிகம் ஆடுவது தி மைண்ட். ஆஸ்திரியாவைச் சேர்ந்த வோல்ஃப்காங் வார்ஷ் வடிவமைத்தது, 2018-இல் வந்தது. 1 முதல் 100 வரை எண் எழுதிய நூறு சீட்டு. இரண்டு முதல் நான்கு பேர். முதல் நிலையில் ஆளுக்கு ஒரு சீட்டு, இரண்டாம் நிலையில் இரண்டு, இப்படியே கூடும். எல்லோர் கையில் இருப்பதையும் ஏறுவரிசையில் நடுவில் போட வேண்டும். முறை கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை: பேசக்கூடாது, சைகை கூடாது. யார் கையிலாவது சின்ன எண் இருக்கும்போது பெரிய எண்ணைப் போட்டுவிட்டால் ஒரு உயிர் போகும். உயிர் போவது எல்லோருக்கும் சேர்த்துத்தான். எல்லோரும் ஒரே அணி.

கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உட்கார்ந்து பாருங்கள். பேச முடியாதபோது காத்திருக்கும் நேரம்தான் மொழி. 3 வைத்திருப்பவர் உடனே போடுவார். 97 வைத்திருப்பவர் சாய்ந்து உட்காருவார். நடுவில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு சீட்டு. முதலாமவர் 40 போட்டுவிட்டார், என் கையில் 62. இடையில் இருப்பது 21 எண்கள், மற்ற இருவர் கையிலும் சீட்டு இருக்கிறது. கணக்குப் போட்டால், அந்த இடைவெளியில் ஒரு சீட்டாவது இருக்க ஏறக்குறைய பத்துக்கு ஆறு வாய்ப்பு. ஆனால் நொடிகள் போகப் போக, யாரும் போடாத அந்த அமைதியே அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறது. நிகழ்தகவுப் பாடத்தில் இதை நான் பத்தாம் வகுப்புக்குக்கூடச் சொல்வதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள்.

வெளிநாட்டுச் சீட்டுக்கட்டு வாங்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்புக் கட்டு முழுக்கக் கல்யாணப் பத்திரிகையில் வெட்டியது. அட்டை கனமாக இருக்கும், வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். எண்ணை ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் போதும். மூன்றாம் வகுப்புக்கு 1 முதல் 20 வரை, ஆறாம் வகுப்புக்கு 50 வரை. எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் பையன் நான்கு நிமிடம் வாய் திறக்காமல், பக்கத்தில் இருப்பவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

எல்லாம் இப்படி இனிமையாக மட்டும் போகவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் சீட்டைத் தொட மாட்டேன் என்றான். காரணம் கேட்கவில்லை, உயிர் எண்ணும் நடுவர் வேலையைக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். "டீச்சர், பள்ளிக்கூடத்துல சீட்டு சொல்லித் தர்றீங்களாமே?" அவர் வீட்டில் போனில் ரம்மி ஆடியதில் என்னவெல்லாம் போனது என்று சொன்னார், அதை இங்கே சொல்வது முறையில்லை. நான் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம தெரு கல்யாணமாச்சே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசு இல்லைன்னா சரி டீச்சர். ஆனா அவன் கையில மட்டும் குடுக்காதீங்க."

நான் வாதாடவில்லை. அவன் வருடக் கடைசி வரை நடுவராகவே இருந்தான். நம் மாநிலத்தில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வருவதற்கு முன்பே அடிபட்ட வீடுகளிலிருந்து நம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே உங்கள் பள்ளியில் இதைத் தொடங்குவதானால், முதலில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கட்டைக் காட்டுங்கள். யாராவது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அதற்காக எல்லாச் சீட்டையும் ஒரே கூடையில் போட்டு எரிப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

அந்தப் பையன் நடுவராக இருந்து கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 6 நிம்ட் என்று 1994-இல் வந்த ஜெர்மன் விளையாட்டு, வோல்ஃப்காங் கிராமர் உருவாக்கியது. 104 சீட்டு, பத்துப் பேர் வரை ஆடலாம். நான்கு வரிசையில் எண்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும், ஆறாவது சீட்டை வைக்கிறவர் அந்த வரிசையிலுள்ள ஐந்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் மாட்டுத் தலைகள் உண்டு, அதிகம் சேர்த்தவர் தோற்றார். எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் மாடுபிடி. 5-இல் முடியும் எண்ணுக்கு இரண்டு தலை, 10-இன் மடங்குக்கு மூன்று, 11-இன் மடங்குக்கு ஐந்து, மற்றவைக்கு ஒன்று. 55-க்கு மட்டும் ஏழு. "ஏன் டீச்சர் ஏழுன்னு தெரியுமா? பதினொன்னுக்கு அஞ்சு, அஞ்சுல முடியறதுக்கு ரெண்டு" என்று அவன் எனக்குச் சொன்னான். நான் பல மாதம் ஆடியும் கவனிக்காதது அது.

நேரம் ஆகிவிட்டது, மணியைப் பார்க்கிறார்கள். ஜப்பானியர் செய்ஜி கனாயின் லவ் லெட்டர் பற்றியும் சொல்ல நினைத்தேன். 16 சீட்டுதான், 2012-இல் வந்தது. ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று நோட்டுத் தாளைக் கிழித்துக் குலுக்கிப் போடுவோமே, அதற்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. டீ குடிக்கும்போது கேளுங்கள், சொல்கிறேன்.

இந்தப் பையில் நான்கு கட்டு இருக்கிறது. 1 முதல் 100 வரை, எல்லாம் பத்திரிகையில் வெட்டியது, சிலவற்றில் இன்னும் பிள்ளையார் தெரிவார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு நான்கு நான்கு பேராக உட்காருங்கள். தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் கலந்து உட்கார்ந்தால் நல்லது. இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்று உயிர் எண்ணலாம். ஆளுக்கு ஒரு சீட்டு. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இனிமேல் யாரும் பேசக்கூடாது.