இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவு செய்வோம்

(பசறைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருஷக்கணக்காக இருமல், சளி, மேடு ஏறினால் மூச்சு வாங்குதல். இவை இருந்தால் "வயசாகிப் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அது நாட்பட்ட சுவாசத்தடை நோயாக இருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தார்கள்.

பீடி, சுருட்டு குடிப்பவர்களுக்கு மட்டுந்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். பீடியைத் தொடாத அம்மாமாருக்கும் வருகிறது. காரணம் அடுப்புப் புகை. லயத்துக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு ஈர மிலாறை ஊதி ஊதி எரித்தால், புகை சமைப்பவரின் நெஞ்சுக்குள்தான் போகும். மூச்சுக் குழாய்கள் வீங்கி ஒடுங்கும். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராது. புதுக் காற்றுக்கு இடமில்லாமல் மூச்சு முட்டும்.

பழுதான நுரையீரல் பழையபடி ஆகாது. இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் இருக்கிற மூச்சை வைத்து நல்லபடி வாழலாம். சம்பளத்தை முதல் வாரமே முடித்தால் மிச்ச நாளுக்குக் கடன்தானே? மூச்சும் அப்படித்தான்.

படியேறும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். ஊதுகுழல் ஊதுகிற வேகம் வேண்டாம். விளக்குச் சுடர் அணையாமல் ஆடுகிற அளவு போதும். இழுக்கும்போது நில்லுங்கள், ஊதும்போது அடி வையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, முன்னுக்குச் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பயந்து மூலையில் உட்காரவும் கூடாது. தினமும் சமமான ரோட்டில் கொஞ்சம் நடங்கள். நடக்காவிட்டால் காலும் பலம் குறையும்.

"பம்ப் அடித்தால் பழகிப்போகும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது சரியில்லை. முட்டு வந்ததும் எடுக்கும் மருந்து ஒன்று, தினமும் எடுக்கும் மருந்து இன்னொன்று. எது எதுவென்று கிளினிக்கில் கேட்டு, அவர்கள் முன்னாலேயே இழுத்துக் காட்டுங்கள். சுகமாக இருக்கிற நாளிலும் தினசரி மருந்தை நிறுத்தாதீர்கள். ஊவாவின் வறண்ட காற்றுக் காலத்திலும் மார்கழிக் குளிரிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

பதுளைக்குக் கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும். அந்தக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் நோய் கூடி வார்ட்டில் படுத்தால் பத்து நாள் பேர் போகுமே!

சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள். ஒரு வசனம் பேசி முடிக்க ஏலாவிட்டால், உதடு நீலமானால், 1990க்கு அடித்து இலவச சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இந்நோய் தொற்றாது, தனிக் கோப்பை வைக்க வேண்டாம். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை.

தகப்பன்மாரே, விறகைப் பிளந்து வெயிலில் காய வைப்பது உங்கள் பொறுப்பு. பீடியை விடுங்கள், முடியாவிட்டால் வீட்டுக்குள்ளாவது பற்றவைக்காதீர்கள். அடுப்பு எரியும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் வெளியே இருக்கட்டும். பாட்டிக்கு வந்த முட்டு பேத்திக்கும் வராமல் தடுக்க நம்மால் முடியும்.