புழைக்கடை வழியே வரும் கானுயிர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலைக்கு வருவோர் யாவரும் அண்ணாந்து பார்ப்பவரே. இராசகோபுரத்தைப் பார்ப்பர், மலையைப் பார்ப்பர், கார்த்திகையில் மலையுச்சியில் எழும் தீபத்தைப் பார்ப்பர். இவ்வுரையோ கண்ணைக் கீழிறக்கி வீட்டின் பின்புறம் நோக்குமாறு அவையை வேண்டுகிறது. கிணற்றடி, துவைகல், ஒரு முருங்கை, ஒரு வேம்பு, சரிந்த மதில் ஆகியவை கூடிய இடம் அது. பகலில் அணிலும் கீரியும் ஓணானும் அங்கு வருகின்றன. மலையடிவாரத் தெருக்களில் மயில் மதிலேறி நிற்கிறது. குரங்குக் கூட்டம் ஓட்டின்மேல் ஓடுகிறது. ஊரடங்கிய பின் மரநாய் கூரை வழியே நடக்கிறது. பெயரில் நாய் இருப்பினும் மரநாய் நாயினம் அன்று. புனுகுப் பூனையின் சுற்றம். அது தின்ற பழங்களின் விதைகளை விடியற்காலையில் மாடித் தரையில் காணலாம்.

இவ்வுயிர்களைக் காத்திருந்து காண்பதும் ஒளிப்படம் எடுப்பதும் இன்று பலருக்கு விருப்பமான பணியாகிவிட்டது. இலக்கிய மேடையில் இதனைப் பேசுவானேன் என்று எவரேனும் வினவலாம். தமிழ்ப் புலமையின் மிகப் பழைய பணிகளுள் இதுவும் ஒன்று என்பதே அதற்கு விடை.

தொல்காப்பிய மரபியலை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் என்று அவ்வியல் வகுத்துச் செல்கிறது. குட்டி என்னும் பெயருக்கு உரியனவாக அது ஓரிடத்தில் நான்கு உயிர்களைச் சேர்த்துச் சொல்கிறது: மூங்கா, வெருகு, எலி, அணில். மூங்கா என்பது கீரியினம். வெருகு என்பது காட்டுப்பூனை. நான்கும் மனிதக் குடியிருப்பை ஒட்டித் திரிவன. அங்கு அணில் வாளா அணில் எனப்படவில்லை. மூவரி அணில் எனப்படுகிறது. வட இந்தியாவில் பரவலாகக் காணப்படும் அணிலின் முதுகில் ஐந்து வரிகள் உண்டு. தென்னாட்டு அணிலுக்கு மூன்றே. இராமபிரான் தடவிய விரல்தடம் என்று பாட்டி சொல்லும் கதையும் இம்மூன்று வரிகளைப் பற்றியதே. இலக்கணம் செய்தவர் ஓர் அணிலை நின்று பார்த்து வரியை எண்ணியிருக்கிறார். விலங்கியலார் பின்னாளில் நூல்களில் எழுதியதற்கும் அவ்வெண்ணிக்கைக்கும் வேறுபாடு இல்லை.

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் குரக்குப் பத்து, கேழற் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என நான்கு பத்துகள் உள்ளன. குரங்கும் பன்றியும் கிளியும் மயிலும் தினைப்புனத்தின் விளிம்பில் மனிதரோடு முட்டிக்கொள்பவை. அடர்கானின் உள்ளே மட்டும் வாழும் விலங்கைக் காட்டிலும் வேலியோரம் வந்து நிற்கும் உயிரைப் புலவர் மிகுதியாகப் பாடியமைக்குக் காரணம் வெளிப்படை. அவற்றை அவர்கள் நாடோறும் கண்டனர்.

இவ்வூருக்கு மேற்கேயுள்ள செங்கத்தைப் பாட்டுடைத் தலைவனின் ஊராகக் கொண்டது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் நன்னன்மீது பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. அக்காலப் பெயர் செங்கண்மா. பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி கூறுகையில் புலவர் ஓர் எச்சரிக்கை தருகிறார். பன்றி விளைபுனத்தை அழிப்பதால், அது நுழையும் புழைதோறும் குறவர் பெருங்கற்பொறி மாட்டி வைத்திருப்பர். ஆகவே இருளில் நடவாமல் விடிந்தபின் செல்க என்பது அதன் கருத்து. புழை என்பது விலங்கு நுழையும் இடுக்குவழி. வீட்டின் பின்வாயிலுக்குத் தமிழில் புழைக்கடை என்று பெயர் நின்றிருப்பது எண்ணத்தக்கது. மனிதன் தனக்கென அமைத்த கொல்லைக்கு விலங்கின் வழிக்குரிய சொல்லே பெயராயிற்று.

விலங்கு வரும் வழியறிந்து பொறி வைக்கும் அக்கலை அழியவில்லை, பொறிதான் மாறியது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் இரவில் விலங்குகளை ஒளிப்படம் எடுத்தவர்களுள் முன்னோடி. விலங்கே கயிற்றை இழுத்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் அமைப்பையும் அவர் கையாண்டார். அவருடைய இரவுப் படங்கள் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் 1906ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தன. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் ஒளி வீசிப் படம் பதியச் செய்தார். துப்பாக்கி ஏந்தி நின்ற காலத்தில் ஒளிப்படக் கருவியை ஏந்திய அவரது நூல் 1927இல் வெளியாயிற்று. இன்று கொல்லை மரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கருவி கயிறும் கம்பியும் வேண்டுவதில்லை. கடந்து செல்லும் உயிரின் உடல் வெப்பத்தை உணர்ந்து அது தானே இயங்குகிறது. மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் இரவுக் காட்சியையும் பதிக்கிறது. கல் விழுந்த இடத்தில் படம் விழுகிறது. பன்றி தன் வழியே போய்விடுகிறது.

இக்கலையில் தமிழர் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க பெயர் மா. கிருஷ்ணன். தமிழின் தொடக்ககால நாவலாசிரியருள் ஒருவரான அ. மாதவையாவின் மகனாக 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர் அவர். கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியை 1950இல் தொடங்கி, 1996 பிப்ரவரியில் மறையும் வரை எழுதினார். யானையையும் காட்டெருதையும் தேடிக் காடுகளில் அலைந்தவர்தாம். எனினும் காகத்தையும் அணிலையும் பல்லியையும் பற்றி அதே கவனத்தோடு எழுதினார். வண்ணப்படம் மலிந்த காலத்திலும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் படம் எடுத்தார். 'கலைக்களஞ்சிய'த்துக்கு விலங்குகள் பற்றித் தமிழில் எழுதினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தார். வீட்டைச் சுற்றி வாழும் உயிர் எளியது என்பதால் அதன் வாழ்க்கை எளியதாகிவிடாது என்பதை அவர் எழுத்து முழுவதும் காணலாம்.

திருவண்ணாமலைக்கோ இப்பொருளில் வேறொரு வரலாறு உண்டு. 1896இல் இவ்வூருக்கு வந்து 1950இல் மறையும் வரை இதனைவிட்டு நீங்காத இரமண மகரிஷியின் வாழ்வில் விலங்குகள் பெற்ற இடம் பலரும் அறிந்ததே. இரமணாசிரமத்தில் பசு, மான், காகம், நாய் ஆகிய நான்குக்கும் சமாதிகள் உள்ளன. அணில்கள் அவர் கட்டிலருகே வந்து கையிலிருந்தே பருப்பைப் பெற்றுச் சென்றன. 1947இல் பரோடா மகாராணியார் அளித்த வெள்ளை மயில் கொண்டுவரப்பட்டது. அணிலும் குரங்கும் தாமாக வந்தவை.

அவர் வரலாற்றில் மொழியறிஞர் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. விலங்கை அவர் 'அது' என்று சுட்டுவதில்லை. 'அவன்' என்றோ 'அவள்' என்றோதான் சொல்வார். ஆசிரமத்து நாய்கள் அவர் வாயில் 'பையன்கள்' ஆயின. மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பிரிப்பது தமிழிலக்கணத்தின் அடிப்படை. அவ்வேலியை அவர் நூல் எழுதித் தகர்க்கவில்லை. அன்றாடப் பேச்சில் ஒரு விகுதியை மாற்றினார், அவ்வளவே.

அவ்விகுதி மாற்றத்தைச் செல்லங்கொஞ்சுதல் என்று கொள்வது பிழை. விரூபாட்ச குகையில் அவர் வாழ்ந்த காலத்தில், கூட்டத்தலைவனான கடுவன் கடித்துக் குற்றுயிராய் விட்ட குட்டிக்குரங்கு ஒன்று நொண்டியபடியே அவரிடம் வந்து சேர்ந்தது. நொண்டி என்றே அதற்குப் பெயராயிற்று. சில நாளில் கூட்டம் வந்து அதனைத் திரும்ப அழைத்துச் சென்றது. பின்னாளில் அதுவே கூட்டத்திற்குத் தலைவனாகவும் ஆயிற்று. மனிதர் பேணிய குரங்கைக் கூட்டம் மீண்டும் ஏற்பதில்லை, அவரிடத்து மட்டும் அவ்வழக்கத்துக்கு விலக்களித்தன என்று 1954இல் வெளிவந்த வரலாற்று நூலில் ஆர்தர் ஆஸ்பார்ன் எழுதுகிறார். குரங்குகளுக்கு அரசும் எல்லையும் பூசலும் உடன்பாடும் உண்டு என்பதை உடனிருந்து கண்டறிந்தவர் இரமணர். 'அவன்' என்று சொன்னவர், 'அவனுக்கு'த் தனிக் குடியும் குலமும் உண்டு என்பதை மறக்கவில்லை. நொண்டி திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. இக்கதையின் உயிர்நாடி அதுவே.

கொல்லைக்கு வரும் உயிரைக் காண்போர் யாவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. தாம் செய்வதற்குப் பின்னும் இவ்வுயிர் தன் கூட்டத்துக்கும் தன் உணவுக்கும் திரும்பிச் செல்ல இயலுமா?

14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அருளாளர் ஒருவர் அறிமுகமான சில உயிர்களுக்கு அளித்த உணவும், முன்பின் அறியாத ஆயிரம் கைகள் வீசும் பிஸ்கட்டும் ஒன்றாகா. கை நீட்டினால் உணவு வரும் என்று கற்ற குரங்கு, கை நீட்டாதவரிடம் பறிக்கவும் கற்கிறது. பின்னர் அதே ஊரார் அதனைத் தொல்லை என்று சொல்லிக் கூண்டு கேட்கின்றனர். தீனி நாடிச் சாலையோரம் வரும் புள்ளிமான் ஊர்திக்கும் தெருநாய்க்கும் இரையாகிறது. அன்பு காரணமாகச் செய்தது வம்பாக முடிகிறது.

ஒளிப்படம் எடுப்போரிடத்தும் இக்குற்றம் உண்டு. மதிலில் வாழைப்பழம் வைத்துக் குரங்கை வரவழைத்து எடுத்த படத்தில் இருப்பது குரங்கின் வாழ்க்கையன்று. பழத்தை வாங்க வந்த ஓர் இரவலனின் முகம். குஞ்சு தெரியவேண்டும் என்று கூட்டை மறைத்த தழையைக் கிள்ளியவர் காகத்துக்கும் வல்லூறுக்கும் வழிகாட்டியவராகிறார். இரவுப் பறவையின் கண்ணெதிரே திடீரென வீசும் பேரொளியும் அத்தகையதே.

முறையறிந்து காண்பதற்குப் பெரும்பொருள் வேண்டா. கொல்லையின் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டால் போதும். சருகில் புழு வரும். புழுவைத் தேடிச் செம்போத்து வரும். சருகில் ஒளியும் எலியையும் ஓணானையும் நாடிக் கீரி வரும். வருவோர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அசையாது அமர்தல் வேண்டும். குரங்கினத்தில் நேர்ப்பார்வை அச்சுறுத்தல் ஆகும். பெரிய வில்லை அதற்கு ஒரு பெரிய கண்ணாகவே தோன்றக்கூடும். ஆதலின் கருவியைச் சற்றே விலக்கிப் பிடித்தலும், பல்லைக் காட்டினால் பின்வாங்குதலும் அறிவுடைமை. அணில் வாலைச் சொடுக்கி விடாது கத்தினால் பூனையோ பாம்போ அருகிலிருக்கலாம். அப்போது பார்க்கவேண்டியது அணிலை அன்று, அது நோக்கும் திசையை. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் மயில் தோகையை உதிர்த்துவிடும். தோகையற்ற ஆணைப் பெண்மயில் என்று படத்தின் கீழ் எழுதுவோர் பலர். எடுத்த படத்தின் பின்னே நாளும் நேரமும் செய்த செயலும் குறிக்கப்பட்டால் அது அறிவுக்குரிய சான்று. குறிக்கப்படாவிடில் வெறும் அழகு.

கவிஞர் நிறைந்த இவ்வவைக்கு இதனால் ஆகும் பயன் யாது? மயிலைச் சாயலுக்கும் கிளியை மொழிக்கும் அணிலைப் பணிவுக்கும் உவமையாக்கி வைத்திருக்கிறது வழிவழி வந்த பாட்டு. முதலில் சொன்னவர் கண்டு சொன்னார். பின் வந்தவர் கேட்டுச் சொன்னார். கேட்டுச் சொல்வதே பழகிவிட்டால் உவமையும் பழத்துக்கு வரும் குரங்கைப் போல் ஆகிவிடும். அழைத்தவுடன் வரும், அதற்கென ஒரு வாழ்வு இராது. அருணகிரிநாதர் கிளியுருவில் அமர்ந்ததாக நம்பப்படும் கோபுரம் கிளி கோபுரம் என்னும் பெயரோடு இவ்வூரில் நிற்கிறது. கிளியைப் பாடுவோர் ஒருநாள் விடியலில் கிளிகளை அண்ணாந்து பார்த்தபின் பாடுவாராயின், பாட்டில் புதுச்சொல் ஒன்றேனும் வந்து சேரும்.

பத்தாண்டு நிறைந்த வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கொல்லையில் ஓராண்டுக்காலம் கண்ட உயிர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். படம் எடுப்போர் எடுக்கட்டும், எடுக்காதோர் எழுதட்டும். தம் பாட்டியும் வேலையாட்களும் அவ்வுயிருக்கு வழங்கும் பெயரையும் உடன் குறிக்கட்டும். அவ்வுயிர்களோடு அப்பெயர்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. அடுத்த விழாவில் அக்குறிப்பேடுகள் இம்மேடையில் படிக்கப்படுமாயின் அதுவும் ஓர் இலக்கிய நிகழ்ச்சியே ஆகும்.

புழைக்கடைக் கதவு திறந்திருக்கட்டும். வருவது தானாக வரட்டும். பார்த்தபின் தானாகப் போகட்டும்.