மோட்டார் கம்பெனியும் மந்திரி சிபார்சும்

(தாம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



நொடித்துப்போன மோட்டார் கார் கம்பெனிகளைச் சர்க்கார் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்துவதைப் பற்றியும், அதில் அரசியல்வாதிகள் தலையிடுவதைப் பற்றியும் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரே இல்லாத நமக்கு இதில் என்ன கவலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கார் நம்முடையதல்ல என்பது வாஸ்தவந்தான். ஆனால் தூக்கி நிறுத்தக் கொடுக்கும் பணம் நம்முடையது. நிறுத்தாமல் விட்டால் போகிற பிழைப்பும் நம்முடையது. ஆகவே இதைப்பற்றிப் பேச நம்மைவிட அதிக உரிமையுடையவர் யார்?

இங்கிருந்து தெற்கே இரண்டு ஸ்டேஷனுக்குள், பெருங்களத்தூர் வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்ததை வயதானவர்கள் அறிவீர்கள். 1948-ல் ஏற்பட்ட கம்பெனி. ஹெரால்டு கார் அங்கேதான் செய்யப்பட்டது. 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்றொரு பெரிய காரை வெளியிட்டார்கள். கூடு, இங்கிலாந்தில் 1976-ல் வந்த ரோவர் காரின் கூடு. உள்ளே இருந்ததோ பழைய காலத்து இஞ்சின். விலையும் அதிகம், குடிக்கும் பெட்ரோலும் அதிகம். ஜனங்கள் வாங்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்தத் தொழிற்சாலையை எடுத்து நடத்த டில்லியில் ஒரு சட்டமும் பிறக்கவில்லை. இன்று அந்த நிலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்களும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன.

ஆலை மூடினால், “எல்லாம் தலையெழுத்து” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவது நம்மவர் வழக்கம். வருஷா வருஷம் எந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைத்தும் பலிக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. இது தலையெழுத்துத்தானா என்று பார்ப்பதற்கு, டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நடந்ததைச் சற்றுக் கவனியுங்கள்.

1970-ல் வருஷத்துக்கு 50,000 கார் செய்ய அனுமதிக் கடிதம் யாருக்குக் கிடைத்தது? பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையாரின் மகன் சஞ்சய் காந்திக்கு. அதற்குமுன் அவர் செய்து விற்ற கார்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. மாருதி என்ற பெயரில் கம்பெனி 1971-ல் ஏற்பட்டது. பன்சிலால் முதன் மந்திரியாயிருந்த அரியானாவில் சுமார் 300 ஏக்கர் நிலம் கிடைத்தது. சர்க்கார் வங்கிகளில் கடன் கிடைத்தது. ஏஜெண்டுகளிடம் முன்பணம் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்; அது கார்! 1978-ல் கம்பெனியைக் கலைக்கும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. அதன் விவகாரங்களை விசாரித்த ஜஸ்டிஸ் ஏ.சி. குப்தா கமிஷன் 1979-ல் அறிக்கை கொடுத்தது. 1980-ல் அம்மையார் மறுபடியும் பதவிக்கு வந்தார். ஜூன் மாதத்தில் சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். அந்த வருஷமே மேற்படி கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளச் சட்டமும் வந்துவிட்டது.

“மாருதி ஜெயித்து, நாடெங்கும் ஓடுகிறதே, அதற்கென்ன சொல்லுகிறீர்?” என்று கேட்பார்கள். ஜெயித்தது மெய்தான். ஆனால் எது ஜெயித்தது? 1982-ல் ஜப்பானிய சுசுகி கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனபிறகு, 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. தொழில் தெரிந்தவன் அறிவும் தொழிலாளி உழைப்பும் ஜெயித்தனவே ஒழிய, சிபார்சு ஜெயிக்கவில்லை. சிபார்சு மாத்திரம் இருந்த வருஷங்களில் சந்தைக்கு ஒரு காரும் வரவில்லை என்பதே அதற்குச் சாட்சி.

பெருங்களத்தூரையும் அப்படியே சர்க்கார் எடுத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. வாங்க ஆளில்லாத காரைப் பொதுப் பணத்தில் செய்து குவிப்பது அறிவீனமே. நாம் கேட்பதெல்லாம், ஒன்றை எடுக்கவும் மற்றொன்றை விடவும் வைத்துக்கொண்ட அளவுகோல் எது என்பதுதான். அப்படி ஒரு அளவுகோல் ஜனங்கள் கண்ணில் பட்டதுண்டா?

வெள்ளைக்கார நாடுகள் இதில் யோக்கியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2008, 2009-ல் அமெரிக்க சர்க்கார் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு மாத்திரம் சுமார் 4,950 கோடி டாலர் கொடுத்தது. 2013-ல் கடைசிப் பங்கை விற்றபோது 1,000 கோடி டாலருக்குமேல் நஷ்டம். நடுவில் நடந்ததென்ன? மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் மூடுவதற்கிருந்த ஒரு கிடங்கு, அந்தத் தொகுதிப் பிரதிநிதி பார்னி பிராங்க் கம்பெனித் தலைவரிடம் பேசியதன்பேரில் அப்போதைக்குத் தப்பிற்று. பேச ஆளில்லாத ஊர்க் கிடங்கில் வேலை செய்தவனுக்கு வயிறில்லையா?

நம் பக்கத்து மறைமலைநகரில் போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் நிறுத்தியது. இப்படிப்பட்ட சமயத்தில் நாம் முதலில் தேடுவது என்ன? சட்டத்தையா? இல்லை. “எந்த மந்திரியைத் தெரியும்?” என்றுதான் தேடுகிறோம். மந்திரி வீட்டு வாசலில் மனுவோடு நிற்பதற்கும், வரம் கேட்டுக் கோவில் வாசலில் நிற்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கிடைத்தால் தயவு; கிடைக்காவிட்டால் விதி. உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பொதுப் பணம் வாங்கும் கம்பெனியின் கணக்கைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எதற்காக, எத்தனை வருஷத்துக்கு, எப்போது திருப்புவது என்பதை முன்னாடியே எழுதிவிட வேண்டும். மந்திரியோ மெம்பரோ எழுதிய கடிதமும் பேசிய பேச்சும் பதிவாக வேண்டும். பங்குக்காரனுக்கு முன்னால் தொழிலாளியின் கூலியும் சேமநிதியும் தீர வேண்டும். 2016-ம் வருஷத்துத் திவால் சட்டம், கம்பெனியைக் கலைக்கும்போது 24 மாதக் கூலிப் பாக்கியை, ஈடு பெற்ற கடன்காரனுக்குச் சமமான வரிசையில் வைத்திருக்கிறது. கலைக்கும்போது உள்ள இந்த மரியாதை, காப்பாற்றும்போதும் இருக்க வேண்டாமா?

காப்பாற்றத்தக்கதைக் கணக்குப் பார்த்துக் காப்பாற்றட்டும். கூடாததை மூடிவிட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றட்டும். இரண்டையும் சட்டம் செய்ய வேண்டுமேயல்லாது, யாருடைய தயவும் செய்யக்கூடாது. அடுத்த ஆலை தள்ளாடும்போது, ஆள் தேடி ஓடாமல் கணக்கைக் கேளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.