வீட்டில் ஒலிக்கும் நூல்



பிள்ளைகள் படிப்பதில்லை என்ற வருத்தம் இலக்கிய மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. அவற்றுக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கைப்பேசி வருவதற்கு நெடுங்காலம் முன்பே பல வீடுகளில் ஒன்று அடங்கிப்போயிற்று: வாய்விட்டுப் படிக்கும் குரல்.

தமிழ்க் குடும்பத்தில் ஒரு காலத்தில் நூல் தனியொருவர் கையில் முடங்கியதில்லை. எழுத்தறிந்தவர் ஒருவர், கேட்பவர் பலர். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் அந்த ஏற்பாட்டுக்கென்றே பிறந்தவை போல இருந்தன. மங்கிய விளக்கொளியிலும் தெரியும் எழுத்து. இராகம் போட்டுப் படிக்க இடங்கொடுக்கும் நடை. நல்லதங்காள் கதை கேட்ட திண்ணைகளில் கண் கலங்காமல் எழுந்தவர் குறைவு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்த நாள்களிலும், ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட வீடுகள் உண்டு. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் வேதாளக் கதைக்குத் தனிச் சிறப்பொன்று இருந்தது. கதை ஒரு கேள்வியில் வந்து நிற்கும். விடையைப் படிக்குமுன் இதழை மடித்துவைத்து, "நீ சொல், யார் செய்தது சரி?" என்று கேட்கலாம். தாத்தாவும் பேத்தியும் இருவேறு விடை சொல்லிச் சண்டையிடலாம். வேதாளம் மதிப்பெண் போடுவதில்லை.

வாய்விட்டுப் படிப்பதால் தமிழ்ப் பிள்ளைக்கு வேறு மொழியினரைவிடக் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. வீட்டுத் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு. "போய்ட்டான்" என்று பேசி வளர்ந்த பிள்ளை, "சென்றுவிட்டான்" என்பதைப் பாடநூலில்தான், அதுவும் ஆசிரியரின் பிரம்பு நிழலில்தான் சந்திக்க நேர்ந்தால், எழுத்துத் தமிழ் அதற்கு அயலார் வீடாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அதே சொல் முதன்முதலாகத் தாயின் குரலில் வந்தால் நிலை வேறு.

"சென்றான்னா என்னம்மா?"

"போனான்டா கண்ணு. மேல கேளு."

அவ்வளவுதான், இலக்கணப் பாடம் முடிந்தது. சில பெற்றோர் நூலின் நடையை அப்படியே பேச்சுத் தமிழாக்கிப் படிக்கின்றனர். அன்பால் செய்வது, ஆனாலும் தேவையில்லை. எழுதியபடி படித்துவிட்டு, விளங்காத இடத்தில் மட்டும் பேச்சில் சொன்னால் இரண்டு தமிழும் ஒரே மடியில் வளரும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய் என்ன செய்வாள் என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் நாளெல்லாம் உழைத்த கையோடு இரவில் எழுத்துக் கற்க வந்து அமர்ந்தனர். அத்தகைய வீட்டில் பிள்ளை படிக்கட்டும், தாய் கேட்கட்டும். பிழையைத் திருத்த ஆளில்லாத இடத்தில் பிள்ளைக்குத் துணிவு வருகிறது. கேட்டு முடித்த தாய், தான் அறிந்த கதையொன்றைத் திருப்பிச் சொன்னால் கணக்கு நேராகிவிடும்.

இனிக் கவிஞர்களின் பங்கு. பாரதியார் 1915-இல் பாப்பாப் பாட்டைத் தந்தார். கவிமணியும் பிள்ளைகளுக்குப் பாடினார். அழ. வள்ளியப்பா வாழ்நாளையே அதற்கு அளித்து, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் கண்டார். இவர்களுள் எவரும் குழந்தைப் பாடலைக் கவிதை பழகுவோரின் முதற்படியாகக் கருதவில்லை. இன்றோ, கவியரங்குகளில் அதற்கு இடம் கேட்பவரைச் சற்றே இரக்கத்துடன் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. புரியாக் கவிதைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி, நான்கு வயதுப் பிள்ளை மறுநாளும் கேட்கும் பாட்டுக்குக் கிடைப்பதில்லை.

பத்தாண்டு நிறைந்த இம்மன்றம் மாதக் கூட்டத்தில் ஒரு மணிநேரத்தைக் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். நாற்காலிகளை ஓரமாக்கிப் பாய் விரிக்கலாம். அன்று படிக்கவிருக்கும் கவிஞர், தம் பாடலை முதலில் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டு வரட்டும். பிள்ளையின் கண் சன்னல் பக்கம் திரும்பிய அடி எதுவோ, அந்த அடியைத் திருத்திக்கொண்டு வரட்டும்.