தொகையும் திரையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கல்மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடித் துறையிலும் இரவு பகலாக முறைவேலை பார்ப்போர் நிறைந்த இப்பகுதியில், ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது கூடி வந்திருப்பது போற்றத்தக்க செயல். இந்த நல்ல நாளில், குறும்படத் தொகுப்புகளைப் பற்றியும், இதுகாறும் திரையில் இடம்பெறாதிருந்த பிரிவுகளிலிருந்து வரும் படைப்பாளிகளைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிஞர்கள் கூடிய அவையில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தொகுப்பு என்ற சொல்லிலேயே அதற்கு விடை இருக்கிறது. தொகுத்தல் தமிழர்க்குப் பழைய கலை. திரைத்துறையினர் இன்று கையாளும் வடிவத்தை மதிப்பிட நம்மிடம் ஈராயிரம் ஆண்டுக்கு அணித்தான ஓர் அளவுகோல் இருக்கிறது. முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எட்டுத்தொகைப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன் வேலை செய்தவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், குறமகள் இளவெயினி என்று தொழிலும் குடியும் பெயரோடு ஒட்டியே வருகின்றன. பாண்டியன் அறிவுடைநம்பியும் கோப்பெருஞ்சோழனும் இடம்பெற்ற அதே புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியாரும் இடம்பெறுகிறார். குயத்தி என்றால் மட்பாண்டம் வனையும் குலத்துப் பெண் என்பது நாம் அறிந்ததே.

அந்தக் குயத்தியார் எதைப் பாடினார்? பானையைப் பாடவில்லை, தம் வறுமையையும் பாடவில்லை. வெண்ணிப் பறந்தலையில் வென்ற கரிகாலனை நோக்கியே பாடினார். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன், வென்ற உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்று அந்த வெற்றி வேந்தனிடமே கேட்டார். ஒரு குயவர் குடிப் பெண் இரு பேரரசர்களைத் தராசில் வைத்து நிறுத்துத் தீர்ப்புச் சொல்கிறார். அவருக்கு அந்தத் தொகையில் கிடைத்தது இடம் மட்டுமில்லை. எதைப் பற்றியும் பேசும் உரிமையும் கிடைத்திருந்தது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆயினும் பழம்பெருமை பேசி மயங்கிவிடக் கூடாது. அத்தொகைகளைத் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்பதும் சிந்திக்கத்தக்கது. அகநானூற்றைத் தொகுத்தவர் உப்பூரிகுடிகிழான் மகன் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ. தொகுப்பித்தோரென நாம் அறியும் பெயர்கள் அரசர்களுடையவை. கொல்லனும் குயத்தியும் பாடினார்கள். எது நிற்க வேண்டும், எது விடப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் இருக்கையில் அவர்கள் அமர்ந்ததாகச் செய்தி இல்லை. விடுபட்டுப் போன பாடல்கள் எத்தனையோ!

இனித் திரைக்கு வருவோம். ஒரு பொருளை வைத்துச் சில இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுத்து, அவற்றை ஒரே படமாகக் கோத்து வெளியிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியது. ஓடிடி எனப்படும் இணையத் திரை நிறுவனங்கள் அதற்குப் புரவலர்களாயின. தமிழில் 2020 டிசம்பரில் 'பாவக் கதைகள்', 2021 ஆகஸ்டில் 'நவரசா', 2022 ஆகஸ்டில் 'விக்டிம்' ஆகியவை வெளிவந்தன. அன்று தொகுப்பித்தோன் பாண்டியன்; இன்று தொகுப்பித்தோர் நெட்பிளிக்ஸும் சோனி லிவ்வும். 'பாவக் கதைகள்' மானம் என்ற பெயரால் நிகழும் கொலைகளையும் கொடுமைகளையும் பேசிய படம். பொருள் புதிது, அப்பொருளைக் கையாண்ட நால்வரும் ஏற்கெனவே பெயர் பெற்ற இயக்குநர்கள். ஒடுக்கப்பட்டவர் கதை திரைக்கு வருவது ஒன்று. ஒடுக்கப்பட்டவர் இயக்குநராக வருவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன.

வேறுபாட்டைக் காட்ட ஒரு படத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் வெளிவந்த 'அஜீப் தாஸ்தான்ஸ்' என்னும் இந்தித் தொகுப்பில் நான்கு படங்கள். அவற்றுள் ஒன்று நீரஜ் கய்வான் இயக்கிய 'கீலி புச்சி'. 'ஈர முத்தம்' என்பது அதன் பொருள். கய்வான் 2015இல் 'மசான்' படத்துக்காகக் கான் விழாவில் பரிசு பெற்றவர். இந்தித் திரையுலகில் தம்மைத் தலித் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்ட மிகச் சிலருள் ஒருவர். 2018இல் தலித், ஆதிவாசிப் பின்புலத்திலிருந்து உதவி இயக்குநர்கள் தேவை என்று பொதுவில் அழைப்பு விடுத்தவரும் அவரே.

படத்தின் களம் ஒரு தொழிற்சாலை. அம்பத்தூரும் எண்ணூரும் அறிந்த நமக்கு அது அந்நியமானதன்று. பாரதி மண்டல் என்னும் தலித் பெண் அங்கே இயந்திரத்தில் வேலை செய்கிறாள். அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு அவளுக்குத் தகுதி உண்டு. அந்த வேலையோ பின்னால் வந்த பிராமணப் பெண் பிரியாவுக்குக் கிடைக்கிறது. இருவருக்கும் இடையே நட்பும் ஈர்ப்பும் மலர்கின்றன. சாதி தெரிந்ததும் முகம் மாறுகிறது. கொங்கணா சென் சர்மா நடித்த அந்தப் பாரதி, அழுதுகொண்டு விலகிப் போகவில்லை. பிரியாவின் இல்வாழ்க்கைச் சிக்கலைப் பயன்படுத்தி, அவள் தாய்மை அடைந்து வேலையிலிருந்து விலகும்படி காய் நகர்த்தி, அந்த மேசையைத் தான் அடைகிறாள். இறுதியில் பிரியாவின் வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர். பாரதிக்கு மட்டும் எஃகு டம்ளர். அவள் அதைக் கண்டுகொள்கிறாள். ஒரு சொல்லும் பேசாமல் குடிக்கிறாள்.

வெளியிலிருந்து பரிவோடு வரும் ஒரு கலைஞர் பாரதியைக் குற்றமற்றவளாகவே படைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பரிவு எப்போதும் துன்புறுவோரைத் தூயவர்களாகவே காண விரும்பும். உள்ளிருந்து வருபவருக்கே, தம் மக்களைச் சூழ்ச்சியும் ஆசையும் உள்ள முழு மனிதர்களாகக் காட்டும் துணிவு எளிதில் வாய்க்கிறது. அந்த டம்ளரை அவ்வளவு சிறிய அசைவில் காட்டவும் அதைக் கண்டு பழகிய கண் வேண்டும். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்ட தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் 'விக்டிம்' தொகுப்பில் பா. இரஞ்சித் எடுத்த 'தம்மம்' அத்தகையது. ஒரு வயல், ஒரு வரப்பு, ஓர் உழவர், அவருடைய சிறு மகள். வரப்பில் தொடங்கும் பூசல் குருதியில் முடிகிறது. புத்தர் சிலைமேல் ஏறி நிற்கும் அச்சிறுமியைத் தந்தை கடிந்துகொள்ள, கடவுள் இல்லை என்று சொன்னவர் ஆயிற்றே புத்தர் என்னும் கருத்தில் அவள் திருப்பிக் கேட்கிறாள். வயலில் நிற்கும் ஒரு தலித் சிறுமிக்குத் தத்துவம் பேசும் உரிமையை அப்படம் தந்தது. வெண்ணிக் குயத்தியாரின் தங்கை என்று அவளைச் சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் நான்கில் ஒரு படம் என்பது என்ன? ஓர் இருக்கை கிடைத்தது. தொகுக்கும் கை மாறவில்லை. இரஞ்சித்தின் பணியில் 'தம்மம்' போன்ற படங்களுக்கு நிகராக நான் மதிப்பது, அவர் தம் நீலம் நிறுவனத்தின் வழியே மற்றவர்களுக்குக் கதவு திறந்ததையே. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' 2019இல். தமிழ் இயக்கிய 'சேத்துமான்' 2022இல். நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடி, பி.கே. ரோசியின் பெயரால் திரைப்பட விழா எடுத்தது. ரோசி மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி. தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறாதவர்கள் அவரை ஊரைவிட்டே விரட்டினர். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. தொகையில் விடுபட்டவர் பெயரையே தொகைக்குப் பெயராக வைத்தது சிறந்த தொகுப்புச் செயல்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வாறு தனித் தொகுப்பும் தனி விழாவும் வைப்பது, அவர்களைத் தனியே ஒதுக்குவதாகாதா? ஒடுக்கப்பட்டவர் என்ற முத்திரை குத்தப்பட்டபின், அவர் தம் துயரத்தை மட்டுமே பாடவேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்களா? இது ஒதுக்கித் தள்ளத்தக்க மறுப்பன்று. அந்த எதிர்பார்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. இடம் தருபவரே பொருளையும் விதித்தால் அது நேரும். இடம் தந்து, பொருளைப் படைப்பாளியின் விருப்பத்துக்கு விட்டால் நேராது.

தெலங்கானாவில், முன்னர் மேதக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிச் சங்கம் இதைச் செய்து காட்டியது. பெரும்பாலும் எழுத்தறியாத தலித் உழவர் பெண்கள் வீடியோ காமிராவைக் கற்று, விதை பற்றியும் வேளாண்மை பற்றியும் படங்கள் எடுத்தார்கள். காமிராக் கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தால் அது 'பட்டேல் ஷாட்'. நிலக்கிழார் நம்மைப் பார்க்கும் பார்வை. கீழிருந்து மேலே பார்த்தால் அடிமைப் பார்வை. கண்ணுக்குக் கண் நேராக, தரையில் வட்டமாக அமர்ந்து பேசும்போது இருப்பதுபோல் வைத்தால் அது 'சங்கம் ஷாட்'. அவர்கள் சொன்ன சங்கம் தங்கள் ஊர் மகளிர் சங்கம். நம் காதில் அச்சொல் மற்றொரு சங்கத்தையும் நினைவூட்டுகிறது. திரைக்கலை நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர்கள் மூன்று பெயர்களில் சொல்லிவிட்டார்கள். ஒரு தொகுப்பு எந்த உயரத்தில் காமிராவை வைக்கிறது என்பதே அதன் தகுதி.

வடசென்னைக்கு இந்தக் கேள்வி நெருக்கமானது. 2014இல் 'மெட்ராஸ்', 2018இல் 'வடசென்னை', 2021இல் 'சார்பட்டா பரம்பரை' என்று நம் தெருக்கள் பலமுறை திரையேறின. படம் பார்ப்பதில் நமக்குக் குறைவில்லை. 1967இல் திறந்து 2020இல் மூடிய தண்டையார்பேட்டை அகஸ்தியா அரங்கம் அதற்குச் சான்று. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர் அதை வாளிகளில் வெறுங்கையால் அள்ளியதை நாடே பார்த்தது. நாம் காட்டப்படாதவர்கள் அல்லர். காட்டும் கையும் தொகுக்கும் கையும் நம்மவருடையவையாக இருந்தது எத்தனை முறை? இன்று கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம். கருவி தடையன்று, தேர்ந்தெடுக்கும் இருக்கையே எட்டாத் தொலைவில் இருக்கிறது.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த பத்தாண்டில் ஒரு குறும்படத் தொகுப்பையும் ஒரு கவிதைத் தொகுப்பையும் இங்கிருந்தே கொண்டுவாருங்கள். காசிமேட்டில் கூடை சுமப்பவரும், ஒப்பந்தத் தொழிலாளியும், தூய்மைப் பணியாளரின் மகளும் அவற்றில் எழுதட்டும், எடுக்கட்டும். அதோடு நில்லாமல், தேர்வுக் குழுவிலும் அவர்களே பெரும்பான்மையாக அமரட்டும். பொருள் எதையும் விதிக்காதீர்கள். காதலை எழுதினாலும் கடலை எடுத்தாலும் அவர்கள் விருப்பம். அவ்வாறு செய்யும்போது, நம் கவிதைகளில் சில அக்குழுவால் திருப்பி அனுப்பப்படவும் கூடும். அதை முகமலர்ச்சியோடு ஏற்க நாம் ஆயத்தமா என்பதே உண்மையான சோதனை. குயத்தியின் தீர்ப்பைக் கரிகாலன் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நாமும் கேட்டுக்கொள்வோம்.